பார்க்கும் கண்களுக்கு முன்னால் நிரல் எழுதுதல்: நேர்முகத் தேர்வுப் பதற்றத்தைச் சமாளிக்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கோத்தகிரியில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தோட்டம் தள்ளிக் குடியிருக்கும் தம்பி ஒருவன், பி.சி.ஏ. முடித்த பிறகு ஓராண்டாகக் கோவைக்கு நேர்முகத் தேர்வுகளுக்குப் போய் வந்துகொண்டிருந்தான். ஐந்தாவது முறையும் தொழில்நுட்பச் சுற்றிலேயே திரும்பி வந்த அன்று மாலை அவன் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அண்ணா, தனியா உக்காந்தா எல்லாம் வருது. யாராச்சும் பாத்துக்கிட்டு இருந்தா கை நின்னு போயிருது." தன் குறையைச் சொல்வதாக நினைத்து அவன் தலைகுனிந்திருந்தான், எனக்கோ, எந்த வைத்தியராலும் இதைவிடச் சரியாக நாடி பிடித்திருக்க முடியாது என்று தோன்றியது. இந்த வழிகாட்டி முழுவதும் அவன் சொன்ன அந்த வாக்கியத்தையே பிடித்துக்கொண்டு போகிறது.

நிரல் எழுதத் தெரிவது ஒரு திறன். ஒருவர் நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும்போது, வாய்விட்டு யோசித்தபடியே நிரல் எழுதுவது இன்னொரு திறன். கல்லூரியிலும் வீட்டிலும் நாம் முதல் திறனை மட்டுமே பழகுகிறோம். இரண்டாவதை வாழ்க்கையில் முதன்முறையாகச் செய்து பார்ப்பதே நேர்முகத் தேர்வு அறையில்தான். பிறகு தோற்று வந்ததும், இன்னும் நூறு கணக்குகள் போட்டிருக்க வேண்டும் என்று நம்பி மறுபடியும் தனியாக உட்கார்ந்து முதல் திறனையே பழகுகிறோம். நானும் அதைத்தான் செய்தேன். என்னுடைய முதல் தேர்வில் வெண்பலகைக்கு முன் நிறுத்தி, லிங்க்டு லிஸ்ட் ஒன்றை, அதாவது ஒவ்வொன்றும் அடுத்ததைச் சுட்டும் பெட்டிகளின் சங்கிலியை, தலைகீழாக்கச் சொன்னார்கள். முந்தைய இரவு நோட்டில் இரண்டு முறை போட்டுப் பார்த்த அதே கணக்கு அது. மூன்று பெட்டிகள் வரைந்து, அவற்றுக்கிடையே அம்புக்குறிகளும் போட்டேன்; அதன் பிறகு மார்க்கரின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக ஏழெட்டு நிமிடம் ஒரு சொல்கூடப் பேசாமல் நின்றேன். எதிரே இருந்தவர் தம் கைபேசியைப் பார்க்கத் தொடங்கியதும் மிச்சமிருந்ததும் மறந்து போயிற்று. அன்று மாலை கோத்தகிரிப் பேருந்து குஞ்சப்பனைச் சோதனைச் சாவடியில் நின்றபோது, யாரும் கேட்காமலேயே விடை முழுவதும் வரி வரியாக மனத்தில் வந்து நின்றது. அந்த அனுபவத்தைப் பெறாத நிரலாளர்கள் குறைவு.

உடலுக்குள் நடப்பது

ஒருவர் நம்மை எடைபோடுகிறார் என்று தெரிந்தவுடன் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, தோலை ஒட்டிய இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் விரல்கள் சில்லிடுகின்றன, நாக்கு உலர்கிறது. இவற்றால் கெடுதல் ஒன்றுமில்லை. நிரலாளருக்கு உண்மையான இடைஞ்சல் வேறிடத்தில் நேர்கிறது. மனத்தின் செயல்படு நினைவு என்பது, ஒரே நேரத்தில் நான்கைந்து செய்திகளை மட்டுமே ஏந்தக்கூடிய சிறிய மேசை. லிங்க்டு லிஸ்ட்டைத் திருப்புவதற்கு மூன்று பாயின்டர்களை (எந்தப் பெட்டி எங்கே என்று சுட்டும் குறிகளை) அந்த மேசைமேல் வைத்திருக்க வேண்டும். 'இவர் என்னைப் பற்றி என்ன நினைப்பார்', 'வீட்டுக்குப் போய் என்ன சொல்வது' என்ற இரண்டு கவலைகள் அதே மேசையில் வந்து உட்கார்ந்துவிட்டால் பாயின்டர்கள் கீழே விழுந்துவிடும். கற்றது எங்கும் போய்விடவில்லை என்பதற்குக் குஞ்சப்பனையே சாட்சி.

2020-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு ஒன்று இதை நேராகவே அளந்து பார்த்தது. கணினி அறிவியல் மாணவர்கள் 48 பேரில் ஒரு பகுதியினர், தேர்வாளர் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, வெண்பலகையில் பேசிக்கொண்டே விடை எழுதினார்கள். மற்றவர்கள் அதே வேலையை மூடிய அறையில் தனியாகச் செய்தார்கள். பார்க்கப்பட்டவர்களின் திறன் பாதிக்கும் மேல் சரிந்திருந்தது. பார்க்கப்பட்ட பெண்களில் ஒருவரும் தேறவில்லை; தனியறையில் இருந்த பெண்கள் அனைவரும் தேறியிருந்தார்கள். சிறிய எண்ணிக்கையை வைத்துப் பெரிய முடிவுக்கு வந்துவிடக் கூடாது என்றாலும், தேர்வில் தோற்றுத் திரும்பும் ஒவ்வொரு பெண்ணுக்கும் இந்த ஆய்வைப் பற்றி யாராவது சொல்லியிருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

பதற்றம் அடியோடு இல்லாமல் போக வேண்டும் என்றும் ஆசைப்பட வேண்டாம். மலை இரயில் உதகைக்கு வந்து சேர்ந்த அதே 1908-ஆம் ஆண்டில் யெர்க்ஸ், டாட்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் எலிகளை வைத்துச் செய்த சோதனையில், கடினமான வேலையைக் கற்கும்போது தூண்டுதல் மிகக் குறைந்தாலும் கெடுகிறது, மிக அதிகமானாலும் கெடுகிறது, நடுவில் இருப்பதே உதவுகிறது என்று கண்டார்கள். அந்த நடுவிடத்துக்கு வந்து சேர்வதற்கான வழிகளைத்தான் கீழே எழுதுகிறேன்.

முதல் படி: பார்வைக்குப் பழகுவது

நான்கு வாரம் கையில் இருந்தால் போதும். முதல் வாரம் தனியாகவே உட்காருங்கள். ஆனால் கைபேசியில் ஒலிப்பதிவை ஓட விட்டு, 25 நிமிடத்துக்கு அலாரம் வைத்து, ஏற்கெனவே போட்டுத் தெரிந்த எளிய கணக்கு ஒன்றை வாய்விட்டுப் பேசிக்கொண்டே செய்யுங்கள். தெரிந்த கணக்காக இருப்பது முக்கியம், ஏனென்றால் இங்கே பழகுவது கணக்கை அல்ல, பேச்சை. தானாக வரியை நிரப்பித் தரும் வசதியை அணைத்துவிட்டு வெறும் எடிட்டரில் எழுதுங்கள். சில தேர்வுகளில் வெறும் கூகுள் டாக்கில்கூட எழுத வேண்டியிருக்கும். முடிந்ததும் பதிவைக் கேளுங்கள். முதல் பதிவைக் கேட்பது கசப்பாகத்தான் இருக்கும். நீங்கள் யோசித்துக்கொண்டிருந்ததாக நினைவிருக்கும் இடத்தில், கேட்பவருக்கு வெறும் மௌனமும் நாற்காலி நகரும் சத்தமும்தான் இருக்கும். 30 வினாடிக்கு மேல் நீண்ட மௌனங்கள் எத்தனை என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். வாரக் கடைசிக்குள் அந்த எண் பாதியானால் நன்று.

இரண்டாம் வாரம், கணினி பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். பலரும் வெட்கப்பட்டு விட்டுவிடுகிற படி இதுதான். நான் சொன்ன தம்பி, இலை பறித்துவிட்டு வந்த தன் அம்மாவை உட்கார வைத்தான். அவர் மடியில் முறத்தை வைத்துப் பட்டாணி உரித்தபடியே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவன் ஒரு ஃபார் லூப்பின் பாதியில் நின்றதும் அவர் கேட்டது ஒரே கேள்வி: "இப்ப எதுக்குப்பா நிறுத்திட்ட?" அந்தக் கேள்விக்கு விடை சொல்லத் தொடங்கியபோதுதான் தான் எங்கே குழம்பியிருக்கிறோம் என்பது அவனுக்கே தெரிந்தது. நிரல் தெரியாதவருக்கு விளங்கும்படி பேசப் பழகியவருக்கு நிரல் தெரிந்த தேர்வாளரிடம் பேசுவது பாரமாக இருக்காது. அது மட்டுமல்லாமல், வீட்டில் இருப்பவர்களுக்கும் இந்தப் படிப்பில் பிள்ளை என்னதான் செய்கிறது என்பது முதன்முறையாகக் கண்ணுக்குத் தெரிகிறது. அதற்கும் ஒரு மதிப்பு உண்டு.

மூன்றாம் வாரம் கூடப் படித்தவர் ஒருவரோடு காணொளி அழைப்பில், திரையைப் பகிர்ந்து, ஆளுக்கு ஒரு கேள்வியாக மாற்றி மாற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் கேள்வி கேட்கும் பக்கத்தில் உட்காரும் நாள், பதில் சொல்லும் நாளைவிட அதிகமாகக் கற்றுத் தரும். எதிரே இருப்பவர் திணறும்போது உங்களுக்குள் எழுவது ஏளனம் அல்ல, இவர் எப்படியாவது சொல்லிவிட மாட்டாரா என்ற தவிப்புதான். நானும் இப்போது எங்கள் குழுவுக்கு ஆள் எடுக்கும்போது அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான்காம் வாரம், அதிகம் பழக்கமில்லாத மூத்தவர்கள் இருவரையாவது கேட்டு மாதிரித் தேர்வு நடத்தச் சொல்லுங்கள். கல்லூரியில் உங்களுக்கு மூன்று நான்கு ஆண்டு முன்னால் படித்து இப்போது கோவையிலோ பெங்களூரிலோ வேலை செய்பவர்களிடம், தேதியும் நேரமும் சொல்லி அரை மணி நேரம் கேட்டால் பெரும்பாலோர் மறுப்பதில்லை. உண்மையான தேர்வுகளைப் பொறுத்தவரை, நீங்கள் மிகவும் விரும்பும் நிறுவனத்தின் தேர்வு முதலாவதாக அமைந்துவிடாமல் தேதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிரல் பயிற்சித் தளமான லீட்கோட்டில் 300 கணக்குகளை வாய் திறக்காமல் போட்டு வந்தவரையும், 60 கணக்குகளைப் பேசிக்கொண்டே போட்டு வந்தவரையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்திருக்கிறேன். தேர்வு அறையில் இரண்டாமவரே நிமிர்ந்து உட்காருகிறார்.

இரண்டாம் படி: மாறாத ஒரு வரிசை

கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் 12 அடிக்கு ஓர் அடி என்னுமளவுக்கு ஏற்றம் கடுமையாவதால், நம் மலை இரயில் வழுவழுப்பான தண்டவாளத்தை மட்டும் நம்பி ஏறுவதில்லை. நடுவில் பதித்த பற்சட்டத்தில் எஞ்சினின் பற்சக்கரம் பல் பல்லாகப் பிடித்து ஏறுகிறது. சக்கரம் வழுக்கினாலும் வண்டி பின்னால் போகாது. தேர்வு அறையில் மனம் வழுக்கும்போது பிடித்துக்கொள்ள உங்களுக்கும் அப்படியொரு வரிசை வேண்டும். எந்தக் கேள்வி வந்தாலும் அதே வரிசை: கேள்வியைத் திருப்பிச் சொல்வது, சிறிய எடுத்துக்காட்டு ஒன்று எழுதுவது, சந்தேகம் கேட்பது, மெதுவான வழியைச் சொல்வது, வேகமான வழியைத் தேடுவது, நிரல் எழுதுவது, எடுத்துக்காட்டை வைத்து வரி வரியாக ஓட்டிப் பார்ப்பது. அடுத்து என்ன செய்வது என்று யோசிக்க வேண்டிய தேவையே இல்லாமல் போனால், மேசைமேல் ஓர் இடம் மிச்சமாகிறது.

ஒரு கேள்வியை எடுத்துச் செய்து காட்டுகிறேன். தேயிலைத் தொழிற்சாலைக்கு வந்த இலை மூட்டைகளின் எடைகள் ஓர் அரேயில், அதாவது வரிசையான பட்டியலில், இருக்கின்றன. சேர்த்தால் சரியாக 50 கிலோ வரும் இரண்டு மூட்டைகளைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். புதியவர்களிடம் அடிக்கடி கேட்கப்படும் டூ சம் கணக்கின் உள்ளூர் வடிவம் இது.

முதலில் கேள்வியை உங்கள் சொற்களில் திருப்பிச் சொல்லுங்கள். இதற்கு 20 வினாடிதான் ஆகும். அதற்குள் உங்கள் குரல் உங்களுக்கே பழகிவிடும். அடுத்து எடுத்துக்காட்டாக 18, 27, 32, 11, 23 என்று ஐந்து எண்களை எழுதுங்கள். எழுதியவுடனே 18-உம் 32-உம் சேர்ந்தால் 50, 27-உம் 23-உம் சேர்ந்தாலும் 50 என்பது கண்ணில் படும். ஆகவே, ஒரு ஜோடி போதுமா, எல்லா ஜோடிகளும் வேண்டுமா என்று கேட்கலாம். ஒரே மூட்டையை இரண்டு முறை எடுத்துக்கொள்ளலாமா, அதாவது 25 கிலோ மூட்டை ஒன்றுதான் இருந்தால் அதையே இருமுறை கூட்டலாமா என்பதையும் கேட்கலாம். இந்தக் கேள்விகளை அறிவைக் காட்டுவதற்காகக் கேட்க வேண்டியதில்லை. எடுத்துக்காட்டு எழுதினால் அவை தாமாகவே எழும்.

ஒரு ஜோடி போதும், ஒரே மூட்டையை இருமுறை எடுக்கக் கூடாது என்று பதில் வந்தால், மெதுவான வழியைத் தயங்காமல் முதலில் சொல்லுங்கள். ஒவ்வொரு மூட்டையையும் மற்ற ஒவ்வொன்றோடும் கூட்டிப் பார்ப்பது. ஐந்து மூட்டைக்கு 10 ஜோடி, ஆயிரம் மூட்டைக்கு 4,99,500 ஜோடி, அதாவது ஆர்டர் ஆஃப் என் ஸ்கொயர்: மூட்டைகள் இரட்டித்தால் வேலை ஏறத்தாழ நான்கு மடங்காகும். இதைச் சொல்ல வெட்கப்பட்டு, நேராகவே சிறந்த விடைக்குத் தாவப் பார்ப்பதுதான் புதியவர்கள் வாயடைத்துப் போவதற்குப் பெரிய காரணம் என்பது நான் கண்டது. மெதுவான வழியைச் சொல்லிவிட்டவர் கையில் ஒரு சரியான விடை ஏற்கெனவே இருக்கிறது. அதற்குப் பிறகு வருவதெல்லாம் மேம்பாடுதான்.

வேகமான வழி, பார்த்த எடைகளை, எதையும் உடனே தேடி எடுக்க உதவும் அட்டவணையான ஹாஷ் மேப்பில் போட்டுக்கொண்டே போவது. 18 வருகிறது; அதற்கு 32 வேண்டும், மேப்பில் இல்லை, ஆகவே 18-ஐப் போட்டுவைக்கிறோம். 27 வருகிறது, அதற்கு 23 வேண்டும், இல்லை, 27-ஐயும் போட்டுவைக்கிறோம். 32 வருகிறது, அதற்கு 18 வேண்டும், இருக்கிறது, முடிந்தது. பட்டியலை ஒரே முறை கடந்தால் போதும்; அதற்கு விலையாகக் கூடுதல் நினைவகம் செலவாகிறது. தேடிப் பார்த்த பிறகுதான் எடையை மேப்பில் போட வேண்டும் என்பதைக் கவனியுங்கள். முதலில் போட்டுவிட்டுப் பிறகு தேடினால், 25 கிலோ மூட்டை தன்னையே ஜோடியாகக் கண்டுபிடித்துவிடும். முதலில் கேட்ட சந்தேகம் இங்கே வந்து கைகொடுப்பதைத் தேர்வாளரும் கவனிப்பார்.

இவ்வளவையும் பேசிக்கொண்டே செய்தால் ஏறத்தாழ 15 நிமிடம் ஆகும். முதல் ஐந்து நிமிடத்தில் ஒரு வரி நிரல்கூட எழுதியிருக்க மாட்டீர்கள். அதனால் கெடுதல் இல்லை.

மூன்றாம் படி: ஆங்கிலம் என்னும் இரண்டாவது பாரம்

தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கும், வீட்டில் படகர்களின் மொழியான படுகு பேசி வெளியில் தமிழ் பேசி வளர்ந்தவர்களுக்கும், கணக்கோடு ஆங்கிலத்தையும் சேர்த்தே சுமக்க வேண்டியிருக்கிறது. அந்த ஒரு மாதத்தில் ஆங்கிலம் முழுவதையும் சீராக்க முயல வேண்டாம். அறையில் நிச்சயம் தேவைப்படும் ஏழெட்டு வாக்கியங்களை மட்டும் நாக்குக்குப் பழக்கிக்கொள்ளுங்கள்: கேள்வியை உறுதி செய்துகொள்ள ஒன்று, யோசிக்க ஒரு நிமிடம் கேட்க ஒன்று, மெதுவான வழியைச் சொல்லத் தொடங்க ஒன்று, தவறு செய்துவிட்டதாகச் சொல்லித் திருத்த ஒன்று, குறிப்பு கேட்க ஒன்று. 'மே ஐ டேக் எ மினிட் டு திங்க்' என்பது எளிய வாக்கியம்தான். ஆனால் பதற்றத்தில் அதைப் புதிதாகக் கட்ட முடியாது, ஏற்கெனவே சொல்லிப் பழகியிருந்தால் தானாக வரும். கோவை, சென்னை நிறுவனங்களில் தேர்வாளர் தமிழராக இருந்தால், ஒரு கருத்து ஆங்கிலத்தில் தடைப்படும் இடத்தில் தமிழில் சொல்லலாமா என்று கேட்டுவிட்டுச் சொல்வதும் தவறில்லை. என்னிடம் அப்படிக் கேட்டவர்களை நான் ஒருபோதும் குறைத்து மதிப்பிட்டதில்லை.

நான்காம் படி: இடம், மின்சாரம், மழை

இணையவழித் தேர்வு என்றால் மலையில் இருப்பவர்களுக்கு வேறு கவலைகளும் உண்டு. தகரக் கூரை வீட்டில் ஆனி ஆடி மழை பிடித்துவிட்டால், எதிர்முனையில் இருப்பவருக்கு நம் குரலே கேட்காது. தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளில் தனியறை என்பதே கிடையாது. மரம் விழுந்து மின்சாரம் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. இந்தக் கவலைகளும் அதே சிறிய மேசையில்தான் வந்து உட்காருகின்றன. ஆகவே இவற்றை முன்கூட்டியே தீர்த்துவைப்பதும் பதற்றத்துக்கான மருந்தே.

தேர்வுக்கு ஒரு வாரம் முன்னதாகவே, கான்கிரீட் கூரை உள்ள உறவினர் வீடோ நண்பர் வீடோ பார்த்துவைத்து, தேர்வு நடக்கும் அதே மணி நேரத்தில் அங்கிருந்து ஒரு காணொளி அழைப்பைச் செய்து பாருங்கள். மடிக்கணினியின் மின்கலம் முழுதாக இருக்கட்டும்; ஹாட்ஸ்பாட்டுக்கு இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் சிம் இருக்கட்டும்; காதில் ஒயர் உள்ள ஹெட்செட் இருந்தால் மழைச் சத்தம் குறையும். அழைப்பு தொடங்கியவுடன், நான் மலைப்பகுதியில் இருக்கிறேன், இணைப்பு அறுந்தால் இரண்டு நிமிடத்தில் திரும்பச் சேர்ந்துகொள்கிறேன் என்று சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்டவருக்கு இணைப்பு அறுந்தாலும் நெஞ்சு படபடக்காது. வேறு திரையில் ஒளித்துவைத்த செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் விடை கேட்டுக்கொண்டே பேசும் வழக்கத்தைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். அது நேர்மையில்லை என்பது ஒரு பக்கம் இருக்க, பிடிபடுவோமா என்ற பயத்தையும் கூடவே கொண்டுவரும்.

நேரில் போகும் தேர்வானால், முந்தைய நாளே இறங்கிவிடுவது நல்லது. விடியற்காலைப் பேருந்தில் கொண்டை ஊசி வளைவுகளில் குமட்டலோடு இறங்கி, மேட்டுப்பாளையத்தில் வண்டி மாறி, கோவைச் சரவணம்பட்டியில் ஓடி நுழைபவரின் இதயம், முதல் கேள்விக்கு முன்பே வேகமாக அடித்துக்கொண்டிருக்கும். கோவையில் தங்க இடமில்லை என்றால், ஒரு மணி நேரமாவது முன்னதாகச் சேரும்படி புறப்பட்டு, நிழலான இடத்தில் உட்கார்ந்து உடல் சமதளத்துக்கும் வெப்பத்துக்கும் பழகிய பிறகு உள்ளே செல்லுங்கள்.

ஐந்தாம் படி: முந்தைய இரவும் அன்று காலையும்

முந்தைய இரவு புதிய கணக்கு எதையும் தொடாதீர்கள். தூக்கம் குறைந்தால் செயல்படு நினைவு குறையும். இரவு இரண்டு மணிக்குப் படிக்கும் ஒரு தலைப்பு, காலையில் அதைவிடப் பெரியதொன்றை எடுத்துக்கொண்டு போய்விடும்.

தேர்வுக்குச் சற்று முன்பு ஒரு தாளில், உங்களுக்கு என்ன பயமாக இருக்கிறது என்பதைப் பத்து நிமிடம் மறைக்காமல் எழுதுங்கள். சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், தேர்வுக்கு முன் இப்படி எழுதிய மாணவர்கள், அதிலும் பயம் அதிகமுள்ளவர்கள், எழுதாதவர்களைவிட நல்ல மதிப்பெண் பெற்றார்கள். கவலை தாளுக்குப் போனால் மேசை காலியாகிறது. நான் ஒருமுறை எழுதியது மூன்றே வரி. மூன்றாவது வரி, 'இதிலும் தோற்றால் அப்பா ஒன்றும் கேட்க மாட்டார், அதுதான் கஷ்டம்' என்பது. எழுதிப் பார்க்கும்வரை என் பயம் அதுதான் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

நம் ஊரில் எதற்கெடுத்தாலும் தேநீர் குடிப்பது வழக்கம். தேர்வு நாளில் வழக்கமான அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கெட்டியான மூன்றாவது தம்ளரில் உள்ள காஃபீன், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் இதயத்தை இன்னும் விரட்டும். அதற்குப் பதிலாக வெந்நீர்த் தம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருங்கள். மார்கழிக் குளிரில் உதகையிலும் கோத்தகிரியிலும் விரல்கள் பதற்றம் இல்லாமலே மரத்துப் போகும். பதற்றமும் சேர்ந்தால் விசைப்பலகையில் ஒவ்வொரு வரியிலும் பிழை விழும், பிழை விழ விழப் பதற்றம் ஏறும்.

மூச்சுக்கு ஒரு பழக்கம் போதும். நான்கு எண்ணும்வரை மூக்கால் இழுத்து, ஆறு அல்லது எட்டு எண்ணும்வரை மெதுவாக வெளியே விடுங்கள். வெளியே விடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே சற்றுத் தணிகிறது. ஆகவே வெளிமூச்சு நீள்வதில்தான் பயன் இருக்கிறது. மூன்று நிமிடம் போதும். 'அமைதியாக இரு' என்று மனத்துக்குக் கட்டளை இடுவதைவிட, 'எனக்கு ஆர்வமாக இருக்கிறது' என்று வாய்விட்டுச் சொல்வது அதிகம் உதவுகிறது என்று ஆலிசன் உட் புரூக்ஸ் என்ற ஆய்வாளர் 2014-இல் வெளியிட்ட சோதனைகளில் கண்டார். படபடப்புக்கும் ஆர்வத்துக்கும் உடலின் நிலை ஏறத்தாழ ஒன்றே என்பதால், ஒன்றை மற்றொன்றாகப் பெயர் மாற்றுவது, அடியோடு அடக்குவதைவிட எளிதாகிறது.

ஆறாம் படி: ஒன்றுமே தோன்றாத நிமிடம்

இத்தனைக்குப் பிறகும் அந்த நிமிடம் வரலாம். வந்தால், முதலில் விசைப்பலகையிலிருந்தோ மார்க்கரிலிருந்தோ கையை எடுங்கள். ஒரு நீண்ட வெளிமூச்சு. பிறகு, இதுவரை தெரிந்ததைச் சத்தமாகச் சொல்லுங்கள்: 'எடைகளின் பட்டியல் இருக்கிறது, இரண்டு எடைகளின் கூட்டுத்தொகை 50 வர வேண்டும், எல்லா ஜோடிகளையும் பார்த்தால் விடை வரும், ஆனால் மெதுவாக வரும், எந்த வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிறேன் என்று பார்க்கிறேன்.' தெரியாததைத் தேடுவதை விட்டுத் தெரிந்ததை அடுக்கத் தொடங்கியதுமே மனம் நகரும். அப்போதும் நகரவில்லை என்றால், எடுத்துக்காட்டை இன்னும் சிறியதாக்குங்கள். ஐந்து எண்களுக்குப் பதில் இரண்டே எண்கள்.

அதற்கும் மேல் தடைப்பட்டால், எங்கே தடைப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்லிக் குறிப்பு கேளுங்கள். 'எனக்குத் தெரியவில்லை' என்பதற்கும், 'ஜோடியின் மறுபாதியை வேகமாகத் தேட வழி தெரியாமல் நிற்கிறேன்' என்பதற்கும் மிகுந்த வேறுபாடு உண்டு. நான் தேர்வு நடத்தும்போது நிரப்பும் தாளில், கேள்வியைப் புரிந்துகொண்டவிதம், விளக்கியவிதம், நிரல், சோதித்துப் பார்த்தவிதம் என்று தனித்தனியே எழுத வேண்டியிருக்கும். குறிப்பைப் பெற்றுக்கொண்டு அதிலிருந்து மேலே சென்றவரைப் பற்றி எழுத எனக்கு நிறைய இருக்கும். பத்து நிமிடம் பேசாமல் இருந்தவர் எவ்வளவு அறிவாளியாக இருந்தாலும், அவரைப் பற்றி அந்தத் தாளில் எழுத ஒரு வரிகூட எனக்குக் கிடைப்பதில்லை. அது எனக்கே வருத்தமான காரியம்.

தேர்வாளர் பிழை ஒன்றைச் சுட்டிக்காட்டினால் அத்தோடு எல்லாம் முடிந்தது என்று எண்ண வேண்டாம். ஜாவா என்னும் நிரல் மொழியின் நூலகத்திலேயே இருந்த பைனரி சர்ச் நிரலில் (வரிசைப்படுத்திய பட்டியலைப் பாதி பாதியாக வெட்டித் தேடுவது), கீழெல்லையையும் மேலெல்லையையும் கூட்டி இரண்டால் வகுக்கும் வரியில், கூட்டுத்தொகை 2,14,74,83,647-ஐத் தாண்டினால் எதிர்மறை எண்ணாகிவிடும் பிழை ஒன்பது ஆண்டுகள் போல யாருக்கும் தெரியாமல் கிடந்தது. அதை எழுதிய ஜோஷுவா பிளாக்கே 2006-இல் அதை வெளிப்படையாக எழுதினார். உலகமே பயன்படுத்திய பத்துப் பதினைந்து வரிகளில் அப்படி நேரலாம் என்றால், 40 நிமிட அறையில் உங்களுக்கு ஒரு பிழை நேர்வது இயல்பு. 'ஆமாம், இங்கே தவறு, இப்படித் திருத்துகிறேன்' என்று சொல்லித் திருத்திவிட்டுத் தொடருங்கள்.

மருத்துவரிடம் செல்ல வேண்டிய நேரம்

தேர்வை நினைத்தாலே வாரக்கணக்கில் தூக்கம் வராமல் இருப்பது, மூச்சடைப்பது, அழைப்பு வந்தும் போகாமலே தவிர்ப்பது என்று இருந்தால், இந்த வழிகாட்டியோடு நிற்காமல் மருத்துவரைப் பாருங்கள். டெலி மானஸ் என்னும் அரசின் மனநல உதவி எண் 14416-ஐ எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். நடுக்கத்தை நிறுத்தும் என்று நண்பர்கள் சொல்லித் தரும் இதய மாத்திரைகளை மருத்துவர் எழுதித் தராமல் விழுங்காதீர்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அவற்றில் சில ஆபத்தானவை.

தேர்வு முடிந்த பிறகு

முடிவு எதுவானாலும் வெளியே வந்தவுடன் மூன்று செய்திகளை நோட்டில் எழுதுங்கள்: என்ன கேட்டார்கள், எந்த நிமிடத்தில் மௌனமானேன், அந்த மௌனத்துக்குச் சற்று முன்னால் எதை நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவதுதான் அரியது, இரண்டு நாள் கழித்தால் அது நினைவிருக்காது. நான் சொன்ன தம்பியின் நோட்டில் மூன்று தேர்வுகளுக்கு அந்த இடத்தில் ஒரே காரணம் இருந்தது: தேர்வாளர் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டதும், தன்னைப் பற்றித்தான் ஏதோ தவறாக எழுதுகிறார் என்று அவன் நின்றுவிட்டிருந்தான். அடுத்த மாதிரித் தேர்வில் நான் வேண்டுமென்றே, அவன் பேசும்போதெல்லாம் விசைப்பலகையைத் தட்டிக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாள் அவன் அதைப் பொருட்படுத்தவில்லை. எட்டாவது தேர்வில் அவனுக்கு வேலை கிடைத்தது.

நிராகரிப்பு மின்னஞ்சல் வந்தால், எதை மேம்படுத்தலாம் என்று இரண்டு வரியில் மரியாதையாகக் கேட்டு எழுதுங்கள்; பலர் பதில் தர மாட்டார்கள், தருபவரின் ஒரு வரி பல நாள் படிப்புக்குச் சமம். சில மாதங்கள் கழித்து அதே நிறுவனத்துக்கு மீண்டும் விண்ணப்பிக்க முடியுமா என்பதையும் கேட்டு, தேதியைக் குறித்துவையுங்கள். நோட்டை மட்டும் ஊர் திரும்பும் பேருந்தில் எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். வளைவுகள் தொடங்கினால் எழுத முடியாது. மேட்டுப்பாளையம் பேருந்து நிலையத்திலேயே எழுதி முடித்துவிட்டு ஏறுங்கள்.